சிறிய தீவில் வார இறுதி: திரும்பும் படகிலிருந்து திட்டமிடும் முறை

ஒரு சின்னத் தீவில் இரண்டு நாள் அமைதியாக இருந்துவிட்டு வர வேண்டும் என்று யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அறையை இப்போது பதிவு செய்யாதீர்கள், படகைப் பற்றி விசாரியுங்கள்.

நண்பர்கள், உறவினர்கள் என்று பல குழுக்களுக்கு இப்படிப் பயணம் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். சிலவற்றில் கூடவே போயிருக்கிறேன். தடுமாறியவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். மலைக்கோ வேறு ஊருக்கோ போவதைப் போல முதலில் அறை, பிறகு பார்க்கும் இடங்கள், பிறகு போகும் வழி, கடைசியாகத் திரும்புவது என்று அடுக்கினார்கள். தீவுக்கு அந்த வரிசை ஒத்துவராது. அங்கே உங்கள் கடிகாரத்தை நடத்துவது கடலும் படகும்தான். அதனால் இந்த வழிகாட்டியைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறேன்.

சிறிய தீவு என்று நான் இங்கே சொல்வது, ஒரே நாளில் நடந்து சுற்றிவிடக்கூடிய, நாளுக்கு ஓரிரண்டு படகுகள் மட்டுமே போய்வருகிற, தங்குமிடங்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய தீவை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

படகின் நேர அட்டவணை, அந்தக் கடற்பகுதிக்கான ஓத அட்டவணை (கடல் நீர் ஏறும், வற்றும் நேரங்கள்), கடல் வானிலை அறிக்கை கிடைக்கும் இடம், தீவின் வரைபடம், இரண்டு தொலைபேசி எண்கள். எண்களில் ஒன்று படகுத்துறையினுடையது; மற்றொன்று தீவிலேயே வசிக்கும் ஒருவருடையது. பின்னது கிடைப்பதுதான் கடினம், ஆனால் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட உதவும். அட்டவணையில் இருக்கும் படகு இன்று புறப்பட்டதா என்பதை அவர் சன்னலைத் திறந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

இவற்றைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீவில் கைபேசிக்குச் சிக்னல் இருக்கும் என்று நம்பி எதையும் திட்டமிடக் கூடாது.

1. திரும்பும் படகை முதலில் முடிவு செய்யுங்கள்

ஞாயிற்றுக்கிழமை எந்தப் படகில் கரை திரும்பப் போகிறீர்கள்? இதற்கு விடை கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பலர் கடைசிப் படகையே தேர்ந்தெடுப்பார்கள். தீவில் கூடுதலாக இரண்டு மணி நேரம் கிடைக்குமே என்ற ஆசை எனக்கும் புரிகிறது. ஆனாலும் கடைசிக்கு முந்தைய படகைத்தான் நான் எப்போதும் எடுப்பேன். முந்தைய படகு தவறினாலோ நிரம்பிவிட்டாலோ கடைசிப் படகு இருக்கிறது. கடைசிப் படகு தவறினால் மறுநாள்தான். நாளுக்கு ஒரே படகு என்றால் அந்தத் தீவை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளாமல், திங்கட்கிழமையும் விடுப்பு கிடைக்கும் சமயத்துக்குத் தள்ளி வையுங்கள்.

அட்டவணையைப் படிப்பதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வார நாள் அட்டவணையை ஞாயிற்றுக்கிழமைக்கும் பொருத்திக்கொள்வது ஒன்று. பருவம் மாறும்போது அட்டவணையும் மாறும் என்பதைக் கவனிக்காமல் பழையதை வைத்துக்கொள்வது மற்றொன்று. ஒரு முறை என் உறவினர்கள் ஆறு பேர், மாலை ஐந்து மணிப் படகுக்காக நாலரை மணிக்கே மூட்டை முடிச்சுகளோடு துறையில் வந்து உட்கார்ந்தார்கள். துறை வெறிச்சோடிக் கிடந்தது. அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பை நானும் படிக்கவில்லை, அவர்களும் படிக்கவில்லை. படகு மூன்று மணிக்கே போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து அட்டவணையில் முதலில் அடிக்குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் நேரத்தைப் பார்க்கிறேன்.

துறைக்குத் தொலைபேசியில் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் வரும் தேதியில் இந்த அட்டவணைதானா? திரும்புவதற்கான டிக்கெட் வாங்கினால் குறிப்பிட்ட படகில் இடம் உறுதியா, அல்லது முதலில் வருபவருக்கு இடமா? கடல் சரியில்லாமல் படகு நின்றால் யாரிடம், எத்தனை மணிக்குத் தெரிந்துகொள்வது? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் கையில் இருந்தாலும் படகில் இடம் இல்லாமல் போகலாம் என்பது அவர்களுக்குத் துறையில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

2. வீட்டிலிருந்து தீவு வரை எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள்

வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை உங்களிடம் இருப்பது 48 மணி நேரம். இரண்டு இரவுத் தூக்கத்தைக் கழித்தால் ஏறக்குறைய 32. போக ஐந்து, வர ஐந்து என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிடும். ஒருவழிக்கு ஐந்து மணி நேரத்தை என் எல்லையாக வைத்திருக்கிறேன். படகுப் பயணத்தை மட்டும் எண்ணாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து துறைக்குப் போவது, துறையில் காத்திருப்பது, தீவில் இறங்கியபின் தங்குமிடத்துக்கு நடப்பது எல்லாம் இதில் அடங்கும்.

தீவின் அளவையும் ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். வட்டமான தீவு 4 சதுர கிலோமீட்டர் பரப்பு என்றால் அதன் கரையோரம் சுமார் 7 கிலோமீட்டர். நிஜத்தில் எந்தத் தீவும் வட்டமாக இருப்பதில்லை. வளைவுகளையும் முனைகளையும் சேர்த்தால் கரை இன்னும் நீளும். பாதையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பவர் இளகிய மணலில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் நடப்பார். ஆக, வரைபடத்தில் உள்ளங்கை அளவு தெரியும் தீவும் ஒரு முழுக் காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளும். இதற்கு மேல் பெரிய தீவு இரண்டு நாளுக்குத் தேவையே இல்லை.

அமைதியான தீவா என்பதைப் படங்களைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம் எவ்வளவு, தீவில் மோட்டார் வாகனம் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். பிரான்ஸுக்கு அருகே ஆங்கிலக் கால்வாயில் உள்ள சார்க் தீவில் கார்களே கிடையாது. தெருவிளக்கும் இல்லாத அந்தத் தீவு 2011-இல் உலகின் முதல் இருள்வானத் தீவாக (செயற்கை வெளிச்சம் மறைக்காத இரவு வானம் கொண்ட தீவாக) அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்துக்கும் பகலில் பயணிகள் திரளாக வருவதுண்டு. பகல் கூட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தீவை ஒதுக்கிவிடாதீர்கள். பகல் பயணிகளின் கடைசிப் படகு புறப்பட்டு, அதன் எஞ்சின் சத்தம் அடங்கிய பிறகு தீவு வேறொன்றாகிவிடுகிறது. அந்த மாலையும் மறுநாள் விடியலும் அங்கே இரவு தங்குபவர்களுக்கு மட்டுமே கிடைப்பவை. கூட்டமுள்ள தீவு என்றால் அந்த இரண்டு பொழுதுகளைச் சுற்றித் திட்டத்தை அமையுங்கள்.

3. தேதியைக் கடலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் முற்றிலும் விட்டுவிடும் படி இதுதான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஓதம்

கடல் மட்டம் ஏறுவதையும் வற்றுவதையும் ஓதம் என்கிறோம். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒவ்வொரு நாளும் ஓத நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீர் மிகத் தாழ்ந்திருந்தால் ஞாயிறு அது பத்தே முக்காலைத் தாண்டி நிகழும். சில கடற்பகுதிகளில் நாளுக்கு ஒரே ஓதம்தான் வரும். சிலவற்றில் ஏற்ற இறக்கமே கண்ணுக்குத் தெரியாத அளவு குறைவு. உங்கள் தீவுக்கான அட்டவணையைப் பார்த்தால் முதல் பார்வையிலேயே விளங்கிவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். அரைநிலா நாட்களில் இரண்டும் மட்டுப்படும். ஆழம் குறைந்த துறை என்றால் மிகுந்த வற்றத்தில் படகு கரையை ஒட்டி வர முடியாது. தள்ளி நிறுத்துவார்கள், அல்லது நீர் ஏறும்வரை காத்திருப்பார்கள். அட்டவணையில் இருக்கும் நேரம் அப்படித்தான் பிசகுகிறது.

வற்றத்தில் இறங்குவதிலும் ஒரு சிரமம் உண்டு. ஏற்றத்தில் படகின் விளிம்பும் துறையின் மேல்படியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். கால் வைத்தால் கரை. வற்றத்தில் அதே துறையில் எட்டுப் பத்துப் படிகள் வெளியே வந்துவிடும். கீழ்ப்படிகளில் பச்சைப் பாசி வழவழவென்று படிந்திருக்கும். சக்கரம் வைத்த பெட்டியோடு வந்த ஒரு தோழியை அந்தப் படிகளில் பார்த்தேன். பெட்டியின் சக்கரம் இரண்டு படிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. ஒரு கை பெட்டியில், மறு கை படகோட்டியின் கையில். படகு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர் தோள் இழுபட்டது. முதியவர்களோ கைக்குழந்தையோ உங்களோடு வந்தால், நீர் ஏறியிருக்கும் நேரத்துப் படகாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வற்றத்தில் மணல்திட்டு வழியாக நடந்து போகக்கூடிய தீவுகளும் இருக்கின்றன. இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு ஒரு சாலையே இருக்கிறது. ஆனால் நாளுக்கு இரண்டு முறை அது கடலுக்கடியில் போய்விடும். கடக்கக்கூடிய நேரம் அச்சிட்டு வெளியிடப்படுகிறது, ஓரத்தில் எச்சரிக்கைப் பலகையும் நிற்கிறது. அப்படியும் அவசரப்பட்டு இறங்கிய கார்கள் நீரில் சிக்கியிருக்கின்றன. காரணம், ஓதம் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் மணியில் மூன்று, நான்காம் மணியில் மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்று ஏறும். தொடக்கத்தில் மெதுவாக வரும் நீரைப் பார்த்து, நேரம் இருக்கிறது என்று நடப்பவர் பாதி வழியில் இருக்கும்போது அது மும்மடங்கு வேகத்தில் ஏறத் தொடங்கியிருக்கும்.

காற்று

வெயிலடிக்கும் தெளிந்த நாட்களில் கடல் காலையில் அடங்கியும் பிற்பகலில் கிளர்ந்தும் இருப்பது வழக்கம். நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால் கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று வீசத் தொடங்கி, நடுப்பிற்பகலில் வலுப்பெறுகிறது. குமட்டல் பயம் இருப்பவர்கள் காலைப் படகில் போவது அதனால்தான் நல்லது.

வானிலை அறிக்கையில் மழைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சிறிய தீவுப் பயணத்தை மழை அவ்வளவாகக் கெடுப்பதில்லை, காற்றுதான் கெடுக்கும். காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் நான்காம் நிலை, மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் காற்று: அலைகளின் தலையில் வெள்ளை நுரை பரவலாகத் தெரியும், சிறு படகு நன்றாகவே ஆடும். ஐந்தாம் நிலை 29 முதல் 38. ஆறு என்றால் 39 முதல் 49. ஐந்து என்று அறிவிப்பு வந்தால் நான் துறைக்குத் தொலைபேசியில் கேட்காமல் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. ஆறு என்றால் பயணத்தையே அடுத்த வாரத்துக்கு மாற்றிவிடுவேன்.

காற்றே இல்லாமலும் படகு நிற்கலாம். எங்கோ தொலைவில் வீசிய புயல் எழுப்பிய நீண்ட அலைகள், இங்கே வானம் நிர்மலமாக இருக்கும்போதும் வந்து துறையில் மோதும். அறிக்கையில் அலையின் உயரத்தையும் பாருங்கள்.

நிலவு

விண்மீன்கள் பார்க்க வேண்டுமா, அமாவாசையை ஒட்டிய வாரம். நிலவொளியில் கரையோரம் நடக்க வேண்டுமா, பௌர்ணமி. இரண்டிலும் ஓதம் மிகும் என்பதை மறக்க வேண்டாம்.

4. இப்போது தங்குமிடத்தைப் பதிவு செய்யுங்கள்

படகும் தேதியும் உறுதியான பிறகுதான் இது. முன்பணம் கட்டிவிட்ட அறைக்காகச் சரியில்லாத கடலில் பயணம் போனவர்களை எனக்குத் தெரியும். வரிசையை மாற்றியதால் வந்த வினை அது. தங்குமிடத்தார் ஒருவரிடம் நானும் இப்படி முன்பணத்தை இழந்திருக்கிறேன். படகு நின்றுபோனதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி வாடகை பற்றியது இல்லை. படகு ஓடாவிட்டால் பணம் திரும்பி வருமா, அல்லது தேதியை மாற்றித் தருவீர்களா? திரும்பும் நாளில் படகு நின்றால் இன்னோர் இரவு அதே அறை எனக்குக் கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, சாப்பாடு. தீவில் கடை எத்தனை மணிக்கு மூடும், இரவு உணவு தங்குமிடத்திலேயே கிடைக்குமா, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். பல தீவுகளில் பொருட்கள் நீங்கள் ஏறும் அதே படகில்தான் வருகின்றன. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் உங்களுக்கென்று அடுப்பில் எதுவும் ஏறியிருக்காது.

மின்சாரமும் தண்ணீரும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவு 2008 முதல் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியைக் காற்று, நீர், சூரிய ஒளியிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. அங்கே ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. வேறு தீவுகளில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடலாம். சார்ஜ் போடக்கூடிய நேரம் எது என்று கேட்டு வைத்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் காரணத்தைத் தெரிந்துகொண்டால் சிக்கனம் தானாக வரும். தாழ்ந்த சிறு தீவுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால் இப்படி. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும்: கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலே அடியிலிருந்து உப்புநீர் பல மடங்கு மேலே வந்துவிடும். உப்பேறிய கிணறு மறுபடி நன்னீராக நீண்ட காலம் பிடிக்கும். குளித்து முடிக்க ஒரு வாளி போதும் என்று தங்குமிடத்தார் சொன்னால், அதில் இந்தக் கணக்கு இருக்கிறது.

5. வீட்டிலிருந்து துறை வரையான வழியையும் திட்டத்தில் சேருங்கள்

படகு புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் துறையில் இருக்கும்படி கிளம்புங்கள். பஸ் தாமதிக்கலாம், வாகனம் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கலாம், டிக்கெட் வரிசை நீளமாக இருக்கலாம். சாலையில் பத்து நிமிடத் தாமதம் பத்து நிமிடத் தாமதம்தான். துறையில் அது அரை நாளாகவோ ஒரு நாளாகவோ வளர்ந்துவிடும். வாகனத்தை இரண்டு இரவு விட்டுவிட்டுப் போக அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

கடல் குமட்டலுக்கு மாத்திரை எடுப்பவர்கள் படகு ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் எடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் விழுங்கினால் பெரும்பாலும் பயன் தராது. தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் அவை. குழந்தைகள், கர்ப்பிணிகள், வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மாத்திரை இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். உள்காது ஆட்டத்தை உணர்கிறது, கண் அதைப் பார்க்கவில்லை. இந்த முரண்தான் குமட்டலைக் கிளப்புகிறது. ஆகவே கைபேசியை உள்ளே வைத்துவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள். படகின் நடுப்பகுதியில், தாழ்வாக, காற்றுபடும் இடத்தில் உட்காருங்கள்; ஆட்டம் அங்கேதான் குறைவு. முனையில் உட்கார எல்லோரும் ஆசைப்படுவார்கள், அதிகமாகத் தூக்கிப் போடுவதும் அங்கேதான்.

6. ஒரே முதுகுப் பை

ஏறி இறங்கும்போது இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். சக்கரப் பெட்டியைப் பற்றி மேலே சொன்னேன். மணலிலும் சக்கரம் ஓடாது. பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையைப் போட்டு, அதற்குள் பொருட்களை அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள். வெளியே போடும் மழையுறை அலைத்துளியைத் தாங்கும். படகின் தளத்தில் தேங்கும் நீரிலிருந்து உள்ளுறைதான் காப்பாற்றும்.

துணி இரண்டு நாளுக்குப் போதும். மருந்து மட்டும் நான்கு நாளுக்கு. தினமும் மருந்து எடுப்பவர்கள் இதில் சமரசம் செய்துகொள்ளவே கூடாது. படகு நின்ற இரண்டாவது நாளில் மருந்து தீர்ந்துபோன ஒரு பெரியவரோடு நான் இருந்திருக்கிறேன். வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போன அந்த மாலையை மறக்க முடியாது.

ரொக்கம் சிறிய நோட்டுகளாக வேண்டும். ஏ.டி.எம். இல்லாத தீவுகளே அதிகம். கார்டு இயந்திரம் இருந்தாலும் சிக்னல் போனால் வேலை செய்யாது. செலவாகும் என்று நினைப்பதோடு ஒரு கூடுதல் இரவுக்கான பணத்தையும் சேர்த்துத் தனியாக வையுங்கள்.

குடிநீர் முதல் நாளுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டராவது. டார்ச் ஒன்று, கைபேசி விளக்கை நம்பினால் சார்ஜ் தீர்ந்துவிடும். பவர் பேங்க். பாறையிலும் பவளத்திலும் கால் வெட்டுப்படாமல் இருக்க, நனைந்தாலும் பாதகமில்லாத மூடிய செருப்பு. வெயில் மேலேயிருந்தும் நீரில் பட்டுத் திரும்பியும் வருவதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும். வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குப்பைக்கு ஒரு காலிப் பை. வேறெதுவும் எடுத்து வராதீர்கள் என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை என்பதால், ஒரு புத்தகத்துக்கு மட்டும் இடம் விடச் சொல்கிறேன்.

7. இரண்டு நாளை நிரப்பாதீர்கள், நங்கூரமிடுங்கள்

ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேலையை உறுதி செய்யுங்கள். அதன் நேரத்தை ஓத அட்டவணையிலிருந்து எடுங்கள். மற்ற நேரம் தானாக அமையும்.

இறங்கியதும் பையைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டுத் துறைக்கே திரும்பி நடந்து வாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பையோடு அதே வழியில் வரப்போகிறீர்கள். அதன் ஒன்றரை மடங்கை ஒதுக்குங்கள். துறையில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் அப்போதே படித்துவிடலாம். படகு நேர மாற்றம் முதலில் அங்கேதான் தெரியும்.

தீவைச் சுற்றி நடப்பதை நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது தொடங்குங்கள். மிகத் தாழ்ந்த நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் கிளம்பினால் ஈர மணல் இறுகிக் கிடக்கும், நடை எளிது. பாறை முனைகளைச் சுற்றிக் கடப்பதும் முடியும். ஏற்றத்தில் கிளம்பியவர்கள் ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே, பின்னால் செங்குத்துப் பாறையோடு சிக்கிக்கொள்வது உண்டு.

நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு குச்சியை நீரின் விளிம்பில் நட்டுவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். ஒரு அலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்து அலைகள் வந்து திரும்பட்டும். குச்சியைச் சுற்றி மணல் வெளுத்து உலரத் தொடங்கினால் வற்றம். குச்சியின் அடியில் குழி விழுந்து, அது மெல்லச் சாய்ந்தால் ஏற்றம். குழந்தைகளுக்கு இதைக் காட்டிக் கொடுத்துவிட்டால் அந்த இரண்டு நாளும் அவர்களே உங்களுக்கு ஓதம் சொல்லிவிடுவார்கள்.

குளிக்கும் இடத்தைத் தீவில் இருப்பவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் நீர் சலனமில்லாமல் இருண்டு தெரிந்தால், பாதுகாப்பான இடம் என்று புதியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். பெரும்பாலும் அது கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தின் பாதை. வலுத்தால் அது நொடிக்கு 2.5 மீட்டர் வேகம் வரை எட்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதன் அகலத்தைக் கடந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி அசைத்துக் காட்டுங்கள்.

சனிக்கிழமை மாலையை எதற்கும் ஒதுக்காதீர்கள். இந்தப் பயணத்துக்கு நீங்கள் வந்ததே அந்தப் பொழுதுக்காகத்தான்.

8. படகு வராவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே எழுதி வையுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமை நான் வராவிட்டால் யார் என் வேலையைப் பார்ப்பார்? வீட்டில் இருக்கும் முதியவர், குழந்தை, வளர்ப்புப் பிராணி ஆகியோரை யார் கவனிப்பார்? யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? மூன்றுக்கும் பெயரோடு விடை இருந்தால், துறையில் படகு இல்லை என்ற செய்தி வரும்போது பதற்றம் பாதியாகக் குறைந்துவிடும்.

பதற்றத்தில்தான் ஆபத்தான முடிவுகள் பிறக்கின்றன. பயணிகள் படகு நிறுத்தப்பட்ட நாளில், கூடுதல் பணம் கொடுத்தால் சிறு படகில் கொண்டுபோய் விடுகிறேன் என்று யாராவது வருவார். போகாதீர்கள். பெரிய படகையும் அனுபவமுள்ள மாலுமியையும் நிறுத்திய கடல், சிறிய படகுக்கு இளகி வழிவிடாது. அந்தப் பேரத்தில் ஏறத் தயாரான ஒரு குடும்பத்தோடு நான் துறையில் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறேன். இன்னொரு முறை நேர்ந்தாலும் வாதாடுவேன். எந்தப் படகாக இருந்தாலும் ஏறுமுன் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அதை மடியில் வைத்துக்கொள்ளாமல் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் கேளுங்கள்.

படகு இல்லை என்று தெரிந்த உடனே செய்ய வேண்டியவை: தங்குமிடத்துக்குச் சொல்லி அறையை உறுதி செய்வது, கடை திறந்திருக்கும்போதே குடிநீரும் உணவும் வாங்குவது, வீட்டுக்குத் தகவல், மறுநாள் முதல் படகில் பெயர் பதிவு. இந்த வரிசையிலேயே செய்யுங்கள். உங்களைப் போலவே சிக்கிய மற்றவர்களும் அதே அறையைத்தான் தேடுவார்கள்.

9. கிளம்பும் நாள்

தங்குமிடக் கணக்கைச் சனிக்கிழமை இரவே தீர்த்துவிடுங்கள். காலையில் வீட்டுக்காரர் வயலிலோ கடலிலோ இருக்கலாம். அவர் வரும்வரை காத்திருந்து படகை விட்டவர்கள் உண்டு.

நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக், பேட்டரி, பாட்டில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். தீவில் போட்ட குப்பையையும் ஒருநாள் படகில் ஏற்றித்தான் அகற்ற வேண்டும், அல்லது அங்கேயே புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். கிளிஞ்சல்களைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். காலியாகத் தெரியும் சங்கு துறவி நண்டுக்கு வீடு.

படகுக்கு முக்கால் மணி முன்னால் துறைக்கு வாருங்கள். கரை சேர்ந்ததும் தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள். சிறிய தீவில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். துறையில் உங்களைப் பார்க்காதவர்கள், கரையோரம் நடக்கப் போய் எங்கேனும் மாட்டிக்கொண்டீர்களோ என்று டார்ச்சோடு தேடக் கிளம்பிவிடுவார்கள்.